போனைச் செருகினால் கோப்புகள் வரவில்லையா? ஃப்ரீஸ் காலத்தில் அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

லினக்ஸ் டெஸ்க்டாப் வெளியீட்டுக்கு முன்னால் பேக்கேஜ்கள் எல்லாம் ஃப்ரீஸ் ஆகிக் கிடக்கும் (புதிய பதிப்புகளை நிறுத்திவிட்டுத் திருத்தங்களை மட்டும் ஏற்கும்) வாரங்களில், சோதனைப் பதிப்பை நிறுவியவர்களிடமிருந்து ஒரு புகார் தவறாமல் வரும்: “போனைச் செருகினேன், ஒன்றும் வரவில்லை.” பல வெளியீடுகளாக இதை உட்கார்ந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலானவை கேபிளிலோ போன் திரையிலோ முடிந்துவிடும். மிஞ்சுகிற ஒன்றிரண்டுதான் உண்மையான வழு, அதாவது மென்பொருள் பிழை. அந்த ஒன்றிரண்டைச் சரியான நேரத்தில் பிடிப்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஏனென்றால் ஃப்ரீஸ் சமயத்தில் பேக்கேஜ் பராமரிப்பாளருக்கு நேரம் மிகக் குறைவு. கேபிள் கோளாறை வழுவாகப் பதிந்தால் அவருடைய ஒரு மாலை வீணாகும். உண்மையான வழுவைப் பதியாமல் விட்டாலோ, அது அப்படியே வெளியீட்டுக்குள் போய், அந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிற எல்லோரையும் ஆண்டுக்கணக்கில் படுத்தும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். போனைக் கழற்றுங்கள். டெர்மினலைத் திறந்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை -டபிள்யூ சேர்த்து, சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) ஓட விடுங்கள் (sudo dmesg -w). இப்போது போனைச் செருகி, புதிதாக என்ன வரிகள் வருகின்றன என்று பாருங்கள். அதைப் பொறுத்து கீழே உங்களுக்குரிய தலைப்புக்குப் போகலாம்.

அறிகுறி 1: டெர்மினலில் ஒரு வரிகூட வரவில்லை

*சார்ஜ் மட்டும் ஏறுகிறது என்றால்:* கேபிளைச் சந்தேகப்படுங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளில் நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. சார்ஜுக்கு மட்டும் என்று வரும் கேபிள்களில் தரவுக் கம்பி இரண்டும் இருக்கவே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நீங்களே தரவு மாற்றிப் பார்த்த வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். ‘புதுக் கேபிள்தான்’ என்பது சோதனை ஆகாது.

கேபிள் சரி என்றால் யுஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினியானால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில், மதர்போர்டோடு ஒட்டிய துளையில் போடுங்கள்.

*சார்ஜும் ஏறவில்லை, அல்லது ஆட்டினால் மட்டும் ஏறுகிறது என்றால்:* போனின் துளையில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, மரக் குச்சியின் நுனியால் மெதுவாக எடுங்கள். ஊசி, பின் எதுவும் வேண்டாம். அப்புறமும், இரண்டு நல்ல கேபிள், இரண்டு கணினி என்று மாற்றிப் பார்த்தும் அசைவு இல்லையென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது போன் பழுது பார்ப்பவரின் வேலை. லினக்ஸில் தேடிப் பயனில்லை.

அறிகுறி 2: வரிகள் வருகின்றன, ஆனால் பிழையாக வருகின்றன

‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்’ என்று தொடங்கி ‘எரர் -71’ அல்லது ‘எரர் -110’ என்று முடிகிற வரிகள், அல்லது இணைந்தது, துண்டித்தது என்று மாறி மாறி ஓடும் வரிகள். இதுவும் பெரும்பாலும் கம்பி விவகாரம்தான். குட்டையான கேபிள், வேறு துளை, ஹப் இல்லாமல் என்று வரிசையாக மாற்றுங்கள்.

எல்லாம் மாற்றியும் அதே பிழை, ஆனால் கணினியைப் பழைய கெர்னலில் தொடங்கினால் சரியாக வருகிறது என்றால் அது கெர்னல் வழு. நேராக அறிகுறி 7-க்குப் போங்கள்.

அறிகுறி 3: கெர்னலுக்குப் போன் தெரிகிறது, ஃபைல் மேனேஜரில் ஐகான் இல்லை

அதிகமாக வருவது இதுதான். காரணங்களும் நிறைய. எளியதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் போன் திரை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செருகியவுடன் போன் ‘சார்ஜ் மட்டும்’ நிலையில்தான் நிற்கும். பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து, யுஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தட்டி, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த கணத்தில் டிமெசேஜில் போன் ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைவது தெரியலாம். பயப்பட வேண்டாம், பயன்முறை மாறும்போது அப்படித்தான் ஆகும். சில போன்களில் ஒவ்வொரு முறை செருகும்போதும் இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பேக்கேஜ். கினோம் மாதிரியான டெஸ்க்டாப்களில் போனைக் கோப்புறையாகக் காட்டுவது ஜிவிஎஃப்எஸ். போனும் கணினியும் கோப்பு பரிமாறும் முறைக்கு எம்டிபி என்று பெயர். ஜிவிஎஃப்எஸ்ஸின் எம்டிபி பகுதி, டெபியனிலும் உபுண்டுவிலும் ஜிவிஎஃப்எஸ்-பேக்கெண்ட்ஸ் என்ற பேக்கேஜில் இருக்கிறது. ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் ஜிவிஎஃப்எஸ்-எம்டிபி என்று தனியாக இருக்கிறது. கேடிஇ என்றால் கேஐஓ-எக்ஸ்ட்ராஸ். குறைந்தபட்ச நிறுவலில் இது வராமல் போகலாம். நிறுவிக்கொண்டு, லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: முழு டெஸ்க்டாப்பை நிறுவியும் இந்தப் பேக்கேஜ் வரவில்லையென்றால், நிறுவல் படிமத்தில் அது விடுபட்டிருக்கிறது என்று பொருள். அது பதிய வேண்டிய வழு. உங்கள் கணினியில் நிறுவிச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, பழைய செயல்முறை. நீங்கள் காலையில் லாக் இன் செய்து, மதியம் அப்டேட் போட்டிருந்தால், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய ஜிவிஎஃப்எஸ். வட்டில் இருப்பது புதியது. ஃப்ரீஸ் வாரங்களில் தினமும் அப்டேட் போடுகிறவர்களுக்கு இது சகஜம். ஒரு ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நான்காவதாகத்தான் கருவி. எம்டிபி-டூல்ஸ் பேக்கேஜை நிறுவி, எம்டிபி-டிடெக்ட் (mtp-detect) கட்டளையை ஓட்டுங்கள். விடையைப் பொறுத்து வழி பிரியும்:

*போனின் விவரங்கள் பக்கம் பக்கமாகக் கொட்டினால்:* எம்டிபியில் பேசும் நூலகமான லிப்எம்டிபி நன்றாக இருக்கிறது. கோளாறு அதற்கு மேலே, டெஸ்க்டாப் அடுக்கில்.

*சூடோவோடு வருகிறது, சூடோ இல்லாமல் வரவில்லை என்றால்:* அனுமதிக் கோளாறு. செருகிய சாதனத்துக்கு அனுமதி தருவது யுடெவ். அதன் விதி அந்தப் போனுக்குப் பொருந்தவில்லை. லிப்எம்டிபி தரும் 69 எண்ணுடன் தொடங்கும் விதிக் கோப்பு கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் பொருந்தவில்லை என்றால், ஈடிசி அடைவின் கீழுள்ள யுடெவ் விதிகள் கோப்புறையில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை உங்கள் போனுக்குக் காட்டும் இரண்டு அடையாள எண்களை வைத்து ஒரு விதி எழுதலாம். லிப்எம்டிபியின் கோப்பைத் திருத்த வேண்டாம், அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும்.

*‘அன்னோன்’ என்று பெரிய எழுத்தில் வந்தால்:* இதைப் பார்த்துத்தான் பலர் கலங்கிப்போகிறார்கள். லிப்எம்டிபியின் சாதனப் பட்டியலில் உங்கள் போன் பெயரோடு இல்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. பட்டியலில் இல்லாத போனையும் எம்டிபி-ப்ரோப் தட்டிப் பார்த்துப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். அந்த வரிக்குக் கீழே விவரங்கள் வருகின்றனவா என்பதே முக்கியம்.

*சாதனமே இல்லை என்று சொன்னால்:* போன் இன்னும் சார்ஜ் நிலையில் இருக்கலாம். மறுபடி போன் திரைக்குப் போங்கள்.

அறிகுறி 4: ஐகான் இருக்கிறது, திறந்தால் பிழைச் செய்தி

‘சாதனத்தைத் திறக்க முடியவில்லை’, ‘சாதனம் பிஸி’ என்ற வகைச் செய்திகள். எம்டிபியில் ஒரு சமயத்தில் ஒரு நிரல்தான் போனோடு பேச முடியும். வேறு எதுவோ முந்திக்கொண்டுவிட்டது.

படம் இறக்குமதி செய்யும் நிரல் திறந்திருக்கிறதா, மெய்நிகர் கணினி எதுவும் யுஎஸ்பியைப் பிடித்து வைத்திருக்கிறதா, கேடிஇ நிரல்களும் கினோம் நிரல்களும் ஒரே அமர்வில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். கேமராக்களுக்கான ஜிபோட்டோ2 பகுதியும் போனைக் கேமரா என்று எண்ணிப் பிடித்துக்கொள்வதுண்டு. போன் பிடிபி நிலையில் (கேமராவைப் போல் படங்களை மட்டும் தரும் நிலை) இருந்தால் இது கட்டாயம் நடக்கும்.

ஒரு மாலை முழுவதும் இதில் எனக்குப் போயிருக்கிறது. ஒருவர் அனுப்பிய லாகில் ஒவ்வொரு முறையும் ‘பிஸி’ வந்தது. பேக்கேஜ்களை இரண்டு முறை மீள்நிறுவியிருந்தார். ஸ்கிரீன்ஷாட் ஒன்றை எடுத்து அனுப்பச் சொன்னேன். ஃபைல் மேனேஜர் ஜன்னலுக்குப் பின்னால், ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு, படம் இறக்குமதி செய்யும் ஜன்னல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை மூடியதும் போன் திறந்தது. அன்றிலிருந்து லாகோடு ஸ்கிரீன்ஷாட்டையும் கேட்டுவிடுகிறேன்.

மூட வேண்டியதை எல்லாம் மூடியும் பிஸி என்றால், ஜிவிஎஃப்எஸ்டி-எம்டிபி என்ற செயல்முறையை நிறுத்தி, போனைக் கழற்றிப் பத்து விநாடி விட்டுச் செருகுங்கள். அதுவும் போதவில்லையென்றால் போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். முந்தைய அமர்வு போனின் பக்கத்திலேயே மூடாமல் தொங்கிக்கொண்டிருப்பது உண்டு. அதைக் கணினியிலிருந்து அவிழ்க்க முடியாது.

அறிகுறி 3-இல் சொன்ன எம்டிபி-டிடெக்டுக்கும் இதே கதைதான். ஃபைல் மேனேஜரில் போன் திறந்திருக்கும்போது அதை ஓட்டினால், நீங்களே ஒரு பிஸி பிழையை உண்டாக்கி அதை வழு என்று நம்பிவிடுவீர்கள். முதலில் ஃபைல் மேனேஜரில் போனை வெளியேற்றுங்கள், பிறகு ஓட்டுங்கள்.

அறிகுறி 5: திறக்கிறது, ஆனால் உள்ளே காலி

போன் பூட்டியிருக்கிறது, அல்லது அனுமதி கேட்கும் பெட்டி திரையில் காத்திருக்கிறது. பூட்டைத் திறந்து, அனுமதித்து, ஃபைல் மேனேஜரில் எஃப்5 அழுத்துங்கள். வரவில்லையென்றால் போனில் ஒருமுறை சார்ஜ் நிலைக்கு மாற்றி, மீண்டும் ஃபைல் டிரான்ஸ்ஃபருக்கு மாற்றுங்கள்.

கோப்புறைகள் இருக்கின்றன, இப்போது எடுத்த படம் மட்டும் இல்லை என்றால், போன் அதைக் கணினிக்கு இன்னும் தெரிவிக்கவில்லை. பழைய ஆண்ட்ராய்டுகளில் எம்டிபி காட்டியது போனின் ஊடகக் குறிப்பேட்டில் இருந்ததைத்தான். கழற்றிச் செருகினால் பல நேரம் வந்துவிடும். வராவிட்டால் போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஐபோனாக இருந்தால் பாதை வேறு. அங்கே எம்டிபி இல்லை. லிப்ஐமொபைல்டிவைஸும் யுஎஸ்பிமக்ஸ்டியும்தான் வேலை செய்கின்றன. ‘இந்தக் கணினியை நம்புவதா’ என்ற கேள்விக்கு ஆம் சொல்லி, கடவுக்குறியீடு போட வேண்டும். போன் தன் இயங்குதளத்தைப் புதிய பெரிய பதிப்புக்கு மாற்றிக்கொண்ட பிறகு இணைப்பு அறுந்தால், லிப்ஐமொபைல்டிவைஸ் அதற்கு ஈடுகொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதாகலாம்.

அறிகுறி 6: நகலெடுக்கும்போது பாதியில் நிற்கிறது

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். படங்கள் தொலைவது இங்கேதான்.

முதல் விதி: கட் செய்து ஒட்டாதீர்கள். காப்பி செய்யுங்கள், எண்ணிக்கையையும் சில கோப்புகளையும் திறந்து பாருங்கள், அப்புறம் போனில் அழியுங்கள். கட் செய்யும்போது நடுவில் இணைப்பு அறுந்தால், எது வந்தது, எது போனது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

*தொடங்கவே இல்லை, ‘தயாராகிறது’ என்றே நிற்கிறது:* கேமரா கோப்புறையில் ஆயிரக்கணக்கில் படம் இருந்தால் பட்டியலை வாங்கவே நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் ஃபைல் மேனேஜர் சிறுபடங்களையும் கேட்டால் இரண்டும் ஒரே குழாயில் நெரிகின்றன. சிறுபடக் காட்சியை அணைத்து, பட்டியல் காட்சிக்கு மாறுங்கள். ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

*சில நூறு கோப்புகளுக்குப் பிறகு அறுகிறது:* போன் திரை அணைந்தவுடன் அறுகிறதா என்று பாருங்கள். திரையை விழித்திருக்கச் செய்து, சின்னச் சின்னத் தொகுதிகளாக எடுங்கள். மடிக்கணினியில் யுஎஸ்பி மின்சேமிப்பு அமைப்பைத் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம்.

*ஒரே கோப்பில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறது:* கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்கிறதா? எம்டிபியின் அளவுப் புலம் 32 பிட், 4 ஜிபிக்கு மேல் அதில் எழுத முடியாது. பெரிய வீடியோக்களுக்குச் சில போன்கள் தவறான அளவைச் சொல்லும். நகல் போகிற இடம் ஃபேட்32 பென் டிரைவாக இருந்தாலும் 4 ஜிபி கோப்பு ஏறாது. சின்னக் கோப்பாக இருந்தும், போனிலேயே திறக்க மறுக்கிறதென்றால் போனின் சேமிப்பகம் பழுதாகிக்கொண்டிருக்கலாம். அப்போது மீண்டும் மீண்டும் முயலாதீர்கள். வருகிற மற்றவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். மிச்சத்துக்குத் தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

*மெதுவாக இருக்கிறது:* எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை -டி சேர்த்து ஓட்டினால் இணைப்பின் வேகம் தெரியும். 480 என்றால் யுஎஸ்பி 2.0. டைப்-சி துளை இருந்தும் பல போன்கள் அவ்வளவுதான் தரும். 12 என்று காட்டினால் கேபிளோ துளையோ சரியில்லை.

நகலெடுத்த படங்களின் கோப்புத் தேதி எல்லாம் இன்றைய தேதியாக மாறியிருந்தால் பதற வேண்டாம். படம் எடுத்த தேதி கோப்புக்குள் எக்ஸிஃப் தகவலில் பத்திரமாக இருக்கிறது.

அறிகுறி 7: நேற்று வரை வந்தது, அப்டேட்டுக்குப் பிறகு வரவில்லை

ஃப்ரீஸ் காலத்தில் நான் மிகவும் மதிக்கிற புகார் இதுதான். இதைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தால் ஒரு வெளியீட்டையே காப்பாற்றலாம்.

முதலில், போனும் அதே வாரம் அப்டேட் ஆனதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் குற்றவாளி யார் என்று இப்போதே சொல்ல முடியாது. வேறொரு போனைச் செருகுங்கள்.

அடுத்து, பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். எதையும் நிறுவவோ நீக்கவோ வேண்டாம் என்பதால் கணினிப் பக்கத்தில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அப்புறம், முந்தைய வெளியீட்டை லைவ் யுஎஸ்பியிலிருந்து தொடங்கி, அதே போன், அதே கேபிள், அதே துளையில் பாருங்கள். பிறகு இன்றைய தினசரிப் படிமத்தை (வரப்போகும் வெளியீட்டின் அன்றாடச் சோதனைப் பதிப்பை) அதேபோல் லைவாகப் பாருங்கள். பழையதில் வருகிறது, புதியதில் வரவில்லை என்றால் உங்கள் கணினியின் அமைப்புகள் காரணம் அல்ல. இதைவிட நல்ல சாட்சியம் கிடையாது.

நேரம் இருந்தால் இன்னும் ஒரு படி. ஆப்ட்டின் வரலாற்று லாகிலோ டிஎன்எஃப் ஹிஸ்டரியிலோ அன்று என்னென்ன மாறியது என்று பாருங்கள். லிப்எம்டிபி, ஜிவிஎஃப்எஸ், யுடெவ் இவற்றில் ஏதாவது இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழைய பதிப்புக்குத் திருப்பிச் சோதியுங்கள். டெபியனின் பழைய பேக்கேஜ்கள் அதன் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் கிடைக்கும். யுடெவ் சிஸ்டம்டியோடு சேர்ந்தது. அதில் கை வைக்கப் பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வளர்ச்சிக் கிளையிலிருந்தோ வெளிக் களஞ்சியத்திலிருந்தோ புது லிப்எம்டிபியை இழுத்துப் போட்டு, ‘இப்போது வேலை செய்கிறது’ என்று முடிக்காதீர்கள். ஃப்ரீஸில் புதிய பதிப்பு முழுதாக உள்ளே வராது. உங்கள் கணினியில் இருப்பது இனி வெளியாகப் போகிற தொகுப்பும் அல்ல. அதற்குப் பிறகு நீங்கள் தரும் எந்தச் சோதனை முடிவும் பராமரிப்பாளருக்கு உதவாது.

அறிக்கையில் என்ன எழுதுவது? பழையதில் வந்தது, புதியதில் வரவில்லை என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். பேக்கேஜ் பதிப்பு எண்கள், செருகிய நேரத்து டிமெசேஜ் வரிகள், எம்டிபி-டிடெக்ட் விடை. கூடவே எல்எஸ்யுஎஸ்பி காட்டும் இரண்டு அடையாள எண்கள். இரண்டாவது எண், போனின் பயன்முறை மாறினால் மாறும். யுஎஸ்பி டீபக்கிங் போட்டிருந்தால் ஒன்று, போடாவிட்டால் வேறு. இரண்டு நிலையிலும் எடுத்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்து, திருத்தம் வந்து, மறுபாதிப் பேருக்கு வேலை செய்யாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். போனின் வரிசை எண் விடையில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

எது உள்ளே வரும், எது வராது என்பதையும் தெரிந்துகொண்டு எழுதினால் நல்லது. 2013-இல் கினோம் 3.8 வந்தபோது ஜிவிஎஃப்எஸ்ஸுக்கு எம்டிபி ஆதரவே புதிதாக வந்தது. அது புது வசதி. ஃப்ரீஸ் விழுந்த பின் அப்படி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் உபுண்டுவில் விதிவிலக்குக் கேட்க வேண்டும். ஆனால் சாதனப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதும், இருந்த வேலை உடைந்ததைத் திருத்துவதும் வழுத் திருத்தம். உபுண்டுவில் கடைசி ஃப்ரீஸ் வரை இதற்கு வழி உண்டு. வெளியீட்டுக்குப் பிறகும் நிலைப்பதிப்பு அப்டேட்டாக வரலாம். டெபியனில் ஹார்ட் ஃப்ரீஸுக்குப் பிறகு முக்கியப் பேக்கேஜ்களுக்கு வெளியீட்டுக் குழுவின் ஒப்புதல் தேவை. அவர்கள் பழைய மூலத்துக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தை வரி வரியாகப் பார்ப்பார்கள். அதனால், மேல்நிலைத் திட்டத்தில் (அந்த மென்பொருளை எழுதுகிறவர்களிடம்) ஏற்கனவே திருத்தம் இருந்தால் அந்த ஒரு கமிட்டை, அதாவது அந்த ஒரு மாற்றத்தை, மட்டும் சுட்டுங்கள். ‘புதிய பதிப்பைப் போடுங்கள்’ என்று கேட்டால் கதவு சாத்தப்படும். ‘இந்த எட்டு வரி’ என்று காட்டினால் உட்கார்ந்து படிப்பார்கள்.

திருத்தம் வரும் வரை

படங்கள் அவசரம் என்றால் எம்டிபியைச் சுற்றிப் போகலாம். யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, ஆண்ட்ராய்டு உருவாக்குநர் கருவியான ஏடிபியின் புல் கட்டளையால் (adb pull) கேமரா கோப்புறையை இழுங்கள். 4 ஜிபி வீடியோவும் இதில் தடங்கல் இல்லாமல் வரும். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். கேபிளே வேண்டாம் என்றால், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கும்போது கேடிஇ கனெக்ட் போதும். அது கேடிஇ இல்லாத டெஸ்க்டாப்பிலும் ஓடும். மெமரி கார்டு போடும் போனாக இருந்து, படங்களும் கார்டில் இருந்தால், கார்டு ரீடரும் நல்ல வழி.

திருத்தம் சோதனைக் களஞ்சியத்துக்கு வந்ததும், நீங்கள் கையால் எழுதிய யுடெவ் விதியை முதலில் அழியுங்கள். திருப்பி வைத்த பழைய பேக்கேஜ்களையும் புதியதாக்குங்கள். ரீஸ்டார்ட் செய்து, போனைச் செருகி, ஒரு கோப்புறையைக் காப்பி செய்து பாருங்கள். வந்தால் பதிப்பு எண்ணோடு அதே அறிக்கையில் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதுங்கள். வராவிட்டாலும் அன்றே எழுதுங்கள். அடுத்த நாள் கடைசி ஃப்ரீஸாக இருக்கலாம்.